அலுமினியத் தாளை வெட்டினால் கத்தி கூராகுமா?

"அலுமினியத் தாளை நாலாக மடித்துப் பத்துத் தடவை வெட்டுங்கள், மழுங்கிய கத்தி புதுசாகிவிடும்" என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஆகாது.

சாணை பிடிப்பது என்றால் எஃகைக் கொஞ்சம் தேய்த்து எடுப்பது. தேய்க்கிற பொருள் எஃகைவிடக் கடினமாக இருக்க வேண்டும். பொருள்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கிற மோஸ் அளவுகோலில் அலுமினியம் 3-க்கும் கீழே, கத்தி எஃகு 5-க்கும் மேலே. வெண்ணெயை வெட்டி அரிவாளைத் தீட்டுகிற கதைதான் இது. வெட்டிய பிறகு கொஞ்சம் நன்றாக இருப்பதுபோலத் தோன்றினால், விளிம்பில் இருந்த பிசுக்கு போயிருக்கும், அவ்வளவுதான்.

சாணைக்கல் இல்லையா? பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து வையுங்கள். அடியில் மெருகு படாத சொரசொரப்பான வளையம் இருக்கும். அது எஃகைவிடக் கடினம். லேசாக நனைத்து, கத்தியை வளையத்தின்மேல் படுக்கவைத்து, முதுகை மட்டும் 15 முதல் 20 டிகிரி தூக்கி, இரண்டு பக்கமும் மாறி மாறி இழுங்கள். வளையத்தில் சாம்பல் நிறக் கோடு விழும். அதுதான் தேய்ந்த எஃகு. அப்புறம் கத்தியைக் கழுவித் துடைத்து, பழுத்த தக்காளியில் வைத்துப் பாருங்கள். அழுத்தாமலே தோலில் இறங்கினால் சரி.

அதே வீடியோவின் கடைசியில் சைக்கிள் செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடச் சொல்கிறார்கள். முதல் நாள் சத்தம் குறையும், உண்மைதான். பிறகு தூசி ஒட்டிக் கறுப்புப் பசையாகி செயினையே தேய்த்துவிடும். பழைய துணியால் செயினைத் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு செயின் ஆயில் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள்.