நாலு பென்ஸும் ஒரு புதுத் தொப்பியும்

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மேற்கு மாம்பலத்தில் ஒரு தோழியின் வீட்டு மொட்டை மாடியில் படம் போட்டோம். துணி காயப்போடும் கம்பியில் வெள்ளை வேட்டி ஒன்றை இழுத்துக் கட்டித் திரையாக்கியிருந்தார்கள். நாங்கள் எட்டுப் பேர். என் அத்தை, தங்கை மகன், தோழியும் அவள் கணவரும், மற்றவர்கள் எல்லாம் ஆபீஸ் நண்பர்கள். படம் 'ஃப்ரம் ஹெல்', 2001-ல் வந்தது. 1888-ல் லண்டன் வைட்சேப்பலில் ஐந்து பெண்களைக் கொன்று, கடைசிவரை பிடிபடாமலே போன ஜாக் தி ரிப்பர் கதை. ஆலன் மூர் எழுதி எட்டி கேம்பல் வரைந்த காமிக்ஸிலிருந்து எடுத்தது. படம் முடிந்தபோது மணி பத்தரை. வாக்குவாதம் முடிய பன்னிரண்டு ஆனது. அங்கே நான் சொல்ல வந்ததைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமான பதிவுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கதையில் கொலையாளி யார் என்பதை இதில் சொல்லிவிடுவேன். படத்தை இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

முதலில் மாடியில் யார் என்ன சொன்னார்கள் என்பதைச் சொல்கிறேன். தோழியின் கணவர் படத்தில் சொக்கிப்போயிருந்தார். அந்த இருட்டு, ஈரமான கல் தெரு, ரத்தச் சிவப்பு வானம், குதிரை வண்டி வந்து நிற்கும் விதம். அவர் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நான் மறுக்க மாட்டேன். பிராக் நகரத்தில் வைட்சேப்பலையே கட்டி எழுப்பி எடுத்தார்கள் ஹியூஸ் சகோதரர்கள். அந்த உழைப்பு வேட்டித் திரையிலும் தெரிந்தது. என்னைப் போலவே காமிக்ஸைப் படித்த ஒரு நண்பருக்கு நேர்மாறான கோபம். இன்ஸ்பெக்டர் ஆபர்லைன் காமிக்ஸில் தொப்பையும் அலுப்புமாக வரும் நடுவயசுக்காரர். அவரைப் போய் ஜானி டெப்பாக்கி, கையில் அபின் குழாயைக் கொடுத்து, நடக்கப்போவதெல்லாம் கனவில் தெரிகிறது என்று காட்டினால் எப்படி என்று குதித்தார். தங்கை மகனுக்கு 19 வயசு. "பெரியம்மா, பாதிப் படத்துலயே டாக்டர்தான்னு கண்டுபிடிச்சுட்டேன்" என்றான். கண்டுபிடித்த பிறகு கொஞ்ச நேரம் போனையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அத்தை இங்கிலீஷ் படம் பார்ப்பதே அபூர்வம். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஐந்து பேரில் ஒருத்தியான மேரி கெல்லியாக ஹெதர் கிரஹாம் வந்து நின்றதும் என் கையைத் தட்டிக் கேட்டார்: "ஏன்டி, இவளுக்குச் சாப்பாட்டுக்கே வழியில்லைங்கிற. தலைமுடி எப்படி இப்படிப் பளபளங்குது?"

அன்றைக்கு மாடியில் சொல்லப்பட்டதிலேயே சரியான விமர்சனம் அதுதான் என்று நினைக்கிறேன். காரணத்தைச் சொல்கிறேன்.

காமிக்ஸும் படமும் வேறுவேறாக இருப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பொன்னியின் செல்வன் வந்தபோது படித்தவர்கள் ஒரு பக்கமும் படிக்காதவர்கள் ஒரு பக்கமும் நின்று அடித்துக்கொண்டோமே, அப்போதும் நான் மணிரத்னம் பக்கம்தான். ஐந்து பாகத்தை இரண்டு படத்தில் அடக்கினால் வெட்டத்தான் வேண்டும். இங்கேயும் 500 பக்கத்துக்கு மேல் இருக்கும் புத்தகத்தை இரண்டு மணி நேரமாக்க வேண்டும். ஆபர்லைன் ஒல்லியாக வந்தால் என்ன, குண்டாக வந்தால் என்ன? நண்பரிடமும் இதைத்தான் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

என் வருத்தம் கதை கேட்கும் கேள்வியையே மாற்றியதில் இருக்கிறது. கொன்றது யார் என்பதை மூர் மறைப்பதே இல்லை. ராணி விக்டோரியாவின் மருத்துவர் சர் வில்லியம் கல்தான் என்று ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். நாலாவது அத்தியாயத்தில் அவர் வண்டிக்காரன் நெட்லியோடு லண்டன் முழுக்கச் சுற்றி, கோபுரம் கோபுரமாகக் காட்டி, தன் மனசில் ஓடுவதையெல்லாம் சொல்லிக்கொண்டே போவார். அந்த இடத்தில் நமக்கு யார் என்ற கேள்வி போய்விடுகிறது. இப்படி ஒருவனை உண்டாக்கிய ஊர் எப்படிப்பட்ட ஊர், அவன் கையில் மாட்டியவர்கள் எப்படி வாழ்ந்தவர்கள் என்பதுதான் மிச்சம். புத்தகம் முழுக்க அதுதான். படம் இதைத் திருப்பிப் போட்டு, முகத்தை இருட்டில் ஒளித்து, கடைசியில் முகமூடியைக் கழற்றுகிறது. முடிச்சு அவிழும்வரை பெண்கள் ஒவ்வொருவராகச் சாக வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அடுத்த துப்பு அப்போதுதான் கிடைக்கும். தங்கை மகன் பாதியில் போனை எடுத்ததற்கு அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. படம் கேட்டது ஒரே கேள்வி. பதில் தெரிந்த பிறகு அவனுக்கு அங்கே என்ன வேலை?

நாமும் அப்படி வளர்ந்தவர்கள்தான். அண்ணன் படித்து முடித்த முத்து காமிக்ஸ்தான் எனக்கு வரும். கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்துவிடக் கூடாது என்று கையால் மறைத்துக்கொண்டு படித்த காலம் அது. அதனால் 'ஃப்ரம் ஹெல்' புத்தகத்தைத் திருவல்லிக்கேணி பைக்ராப்ட்ஸ் சாலை நடைபாதையில் பழைய விலைக்கு வாங்கி வந்து படித்தபோது முதலில் ஏமாற்றமாகக்கூட இருந்தது. கறுப்பு வெள்ளை. கோழி கிளறியதுபோல் பேனாக் கீறல். எழுத்தோ பொடிப்பொடியாக.

ஐந்தாவது அத்தியாயத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரே நாள் காலையில் இரண்டு பேர் கண் விழிக்கிறார்கள். டாக்டர் கல் தன் பங்களாவில் எழுந்திருக்கும் கட்டங்கள் மென்மையாக, தண்ணீரில் கரைத்து இழுத்ததுபோல் இருக்கும். மேரி ஆன் நிக்கல்ஸ், எல்லோரும் பாலி என்று கூப்பிடுவார்கள், அவர் எழுந்திருக்கும் கட்டங்களில் அதே பேனாக் கீறல். படுக்கக் காசில்லாதவர்கள் வரிசையாக உட்கார்ந்தபடி, குறுக்கே கட்டிய கயிற்றில் சாய்ந்து தூங்குவார்கள். காலையில் கயிற்றை அவிழ்த்ததும் எழுந்துகொள்ள வேண்டியதுதான். அந்தப் பக்கத்தை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

பாலியின் கடைசி ராத்திரியைப் பற்றி மரண விசாரணையிலேயே பதிவு இருக்கிறது. 1888 ஆகஸ்ட் 31, விடியாத நேரம். படுக்கைக்கு நாலு பென்ஸ் சில்லறை கொடுக்க இல்லாததால் விடுதியில் வெளியே போகச் சொல்கிறார்கள். அவர் சிரித்துக்கொண்டே, காசு சீக்கிரம் கிடைத்துவிடும், என் புதுத் தொப்பியைப் பார்த்தாயா என்று கேட்டுவிட்டுப் போகிறார். கறுப்பு வைக்கோல் தொப்பி, ஓரத்தில் வெல்வெட். மூன்றே முக்கால் மணிக்குள் பக்ஸ் ரோவில் பிணமாகக் கிடக்கிறார். அவரிடம் இருந்த சாமான் ஒரு சீப்பு, ஒரு வெள்ளைக் கைக்குட்டை, உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்று. வயசு 43.

மற்றவர்களும் இப்படித்தான். அன்னி சாப்மனுக்கும் படுக்கைக் காசு இல்லை. என் படுக்கையை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே, வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் இருட்டில் இறங்கினார். கேத்தரின் எடோஸ் கென்ட் பக்கம் பீர் காய்ச்சப் போடும் ஹாப் பறிக்கும் கூலி வேலைக்குப் போய்விட்டுத் திரும்பியவர். சாப்பாட்டுக்காகத் துணைவரின் பூட்ஸை அடகு வைத்திருந்தார்கள். குடித்துவிட்டு விழுந்து கிடந்தவரைப் போலீஸ் தூக்கிக்கொண்டு போய் ஸ்டேஷனில் வைத்துப் பெயர் கேட்டது. "ஒண்ணுமில்லை" என்றாராம். ராத்திரி ஒரு மணிக்கு வெளியே விட்டார்கள். முக்கால் மணி நேரத்தில் மைட்டர் சதுக்கத்தில் உடல் கிடைத்தது. எலிசபெத் ஸ்ட்ரைட் ஸ்வீடனிலிருந்து வந்தவர், அவரும் அதே ராத்திரி. மேரி கெல்லிக்கு 25 வயசு இருக்கலாம். நவம்பர் 9 காலையில் வாடகை பாக்கி வசூலிக்க வந்த ஆள்தான் உடைந்த ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். பாக்கி 29 ஷில்லிங்.

நாலு பென்ஸ், பூட்ஸ், வாடகை. கொலையாளி ராஜ வைத்தியரோ கசாப்புக்காரனோ, யாராக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. படுக்க இடம் இருந்திருந்தால் பாலி அந்த நேரத்தில் அந்தத் தெருவில் இருந்திருக்க மாட்டார். மூருக்கு இது தெரியும். படம் எடுத்தவர்களுக்கும் தெரிந்திருக்கும், அங்கங்கே தெரிகிறது. ஆனால் வறுமையைக் காட்டிக்கொண்டே, கதாநாயகன் காதலிக்கும்படி ஒருத்தியை மட்டும் குளிப்பாட்டித் தலைவாரி நிறுத்திவிட்டார்கள். அத்தையின் கண்ணில் பட்டது அதுதான்.

அந்தக் கனவு விஷயம் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. காமிக்ஸில் வருங்காலத்தைப் பார்ப்பதாகச் சொல்பவர் ஆபர்லைன் இல்லை, ராபர்ட் லீஸ் என்ற ஆள். புத்தகத்தின் முதல் காட்சியே வயசான இரண்டு பேரும் கடற்கரையில் நடந்துகொண்டு பேசுவது. அங்கே லீஸ் எல்லாவற்றையும் நானாகத்தான் இட்டுக்கட்டினேன் என்று ஒப்புக்கொள்கிறார். எல்லாம் பொய், ஆனாலும் பலித்துவிட்டது என்கிறார். எவ்வளவு பெரிய இடம்! படத்தில் அதே கனவுகள் நிஜமாகிவிட்டன, அதுவும் கதாநாயகனுக்கு. படத்தில் வருவதுபோல் நிஜ ஆபர்லைன் அபினில் சாகவும் இல்லை. ஓய்வு பெற்று, போர்ன்மவுத்தில் குடியிருந்து, 1929 வரை உயிரோடு இருந்தார். மேரி தப்பித்துவிடுவதாகப் படம் முடிவதைப் பற்றியும் மாடியில் பேச்சு வந்தது. காமிக்ஸிலும் அப்படி ஒரு சாயல் உண்டு. ஆனால் சாயலாகவே விட்டுவிடுகிறார்கள், நாம் ஆசைப்பட்டால் நம்பிக்கொள்ளலாம்.

மறுநாள் காலையில் தங்கை மகன் ஸ்டேட்டஸ் போட்டிருந்தான்: ஜாக் தி ரிப்பர் யார்னு தெரிஞ்சுபோச்சு. உடனே கூப்பிட்டு எடுக்கச் சொன்னேன். சர் வில்லியம் கல் உண்மையில் வாழ்ந்த மனிதர். கொலைகள் நடந்தபோது 71 வயசு, அதற்கு முந்தைய வருஷம்தான் பக்கவாதம் வந்திருந்தது. சாப்பாட்டை மறுக்கும் நோய்க்கு அனோரெக்சியா நெர்வோசா என்று பெயர் வைத்தவர் அவர். அரச குடும்பத்துக்காக கல் கொன்றார் என்ற அரண்மனைச் சதிக் கதையை ஸ்டீபன் நைட் 1976-ல் ஒரு புத்தகமாக எழுதினார். வரலாற்று ஆய்வாளர்கள் அதை எப்போதோ ஒதுக்கிவிட்டார்கள். மூரும் அதை நிஜம் என்று சொல்லவில்லை. புத்தகத்தின் கடைசியில் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதி, எது பதிவில் இருப்பது, எது தன் கற்பனை என்று பிரித்துக் காட்டுகிறார். அப்புறம் ஒரு பின்னிணைப்பு, அதுவும் காமிக்ஸாகவே. ரிப்பரைத் தேடித் திரிந்தவர்கள் எல்லோரும் கையில் வலையோடு பறவை பிடிக்க ஓடுகிறார்கள், தன்னையும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக மூர் சேர்த்துக்கொள்கிறார். படத்தில் அந்தக் குறிப்புக்கு இடமே இல்லை. வேட்டியை அவிழ்த்து மடிப்பதற்குள் பையன் ஒரு நிஜ மனிதரைக் கொலைகாரராக மனசில் எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

நம்ம ஊரில் மஞ்சள் பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன் கொலை வழக்கு இருக்கிறது. 1944-ல் வேப்பேரியில் பட்டப்பகலில் அவரைக் குத்தினார்கள். நடிகர்கள் பாகவதரும் என்.எஸ்.கே.யும் சிறைக்குப் போய், பிரிவி கவுன்சில் வரை வழக்கு ஏறி, 1947-ல் விடுதலையானார்கள். குத்தச் சொன்னது யார் என்று இன்றைக்கும் டீக்கடையில் சண்டை போடலாம். யாராவது இதைத் தமிழில் ஒரு பெரிய கிராபிக் நாவலாகச் செய்ய வேண்டும் என்று பல வருஷமாக ஆசை எனக்கு. செய்தால் அந்தக் காலத்துச் சென்னையை, மஞ்சள் பத்திரிகை விற்ற தெருவை, அதை வாங்கிப் படித்துவிட்டு ஒளித்து வைத்த வீடுகளைக் காட்டட்டும். கொலையாளி இவர்தான் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு முகத்தை வரைந்துவிட வேண்டாம்.

"நீ புத்தகத்தை மறந்துட்டுப் பாரு, படம் நல்லாத்தானே இருக்கு" என்று தோழி கடைசியாகச் சொன்னாள். நல்ல படம்தான். டாக்டராக நடித்த இயன் ஹோம் கண்ணில் கறுப்பு ஏறும் காட்சியில் நானும் நடுங்கினேன். ஆனால் ஐந்து பெண்கள் நிஜமாகச் செத்த கதை இது, அதை மறந்துவிட்டுப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. ஹாலி ரூபன்ஹோல்ட் 2019-ல் 'தி ஃபைவ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். அந்த ஐந்து பேருடைய வாழ்க்கை மட்டும்தான் அதில். கொலைகளைப் பற்றி விவரிக்கவே இல்லை. ஐந்து பேரும் விலைமாதர்கள் என்று நாம் பேசிப் பேசிப் பழகியதற்கே எல்லோர் விஷயத்திலும் ஆதாரம் இல்லை என்கிறார். படத்தைப் பார்த்தவர்கள் அதையும் படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நேற்று சாயந்திரம் அத்தை போன் பண்ணினார். வேறு ஏதோ பேசிவிட்டு, "அந்தத் தொப்பிக்காரிக்கு அன்னிக்கு ராத்திரி காசு கிடைச்சுதா?" என்று கேட்டார். மூன்று தடவை கிடைத்தது, மூன்று தடவையும் குடித்துவிட்டதாகச் சிநேகிதியிடம் சொல்லியிருக்கிறார் என்று சொன்னேன். அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். அந்தப் பொடி எழுத்து அவருக்குத் தெரியாது. சனிக்கிழமை போய் ஐந்தாவது அத்தியாயத்தை ஒவ்வொரு கட்டமாகத் தமிழில் சொல்லிக் காட்டப் போகிறேன்.