தடுப்பு வைத்ததால்தான் விபத்து குறைந்ததா?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என எந்தப் பக்கம் போனாலும் கதை ஒன்றுதான். ஒரு வளைவில் அடுத்தடுத்துச் சாவு விழுகிறது. ஊர் மக்கள் மறியல் செய்கிறார்கள், அதிகாரிகள் வருகிறார்கள். இரண்டு இரும்புத் தடுப்புகளும் 'விபத்துப் பகுதி, மெதுவாகச் செல்லவும்' என்ற பலகையும் வந்து சேர்கின்றன. அடுத்த ஆண்டு எண்ணிக்கை பாதியாகிறது. உடனே படத்தோடு பதிவு, அதன் கீழே வாழ்த்து மழை.

கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவன் நான். அந்த வாழ்த்துகளோடு சேர்ந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை. தடுப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை, நன்றாக வையுங்கள். ஆனால் அந்தத் தடுப்புதான் உயிர்களைக் காப்பாற்றியது என்பதற்கு 'போன ஆண்டு, இந்த ஆண்டு' என்ற இரண்டு எண்கள் போதவே போதாது.

ஒரே மாதிரியான நூறு சாலைத் துண்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஆண்டுக்குச் சராசரியாக 3 மரணம். எந்தத் துண்டும் மற்றதைவிட மோசமில்லை. அரிதாக, தற்செயலாக நடப்பவை எத்தனை முறை நடக்கும் என்று சொல்லும் பாய்சான் பரவலை இதற்குப் போட்டுப் பாருங்கள். பிரஷ்யப் படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் எண்ணிக்கைக்கு 1898இல் புள்ளியியலாளர் போர்ட்கெவிச் பொருத்திக் காட்டிய அதே பரவல்தான். ஏதாவது ஓர் ஆண்டில், வெறும் தற்செயலாகவே, ஏறத்தாழ எட்டு இடங்களில் 6 அல்லது அதற்கு மேற்பட்ட மரணங்கள் விழும். ஐந்து இடங்களில் ஒன்றுகூட இருக்காது. மறியல் எங்கே நடக்கும்? அந்த எட்டு இடங்களில்தான். தடுப்பும் அங்கேதான் போகும். மறு ஆண்டு அந்த எட்டும் சராசரிக்குத் திரும்பி 3 பக்கம் வந்து நிற்கும். ஒரு பைசா செலவழிக்காவிட்டாலும் வந்து நின்றிருக்கும்! தாயம் ஆடும்போது பன்னிரண்டு போட்டவர் அடுத்த முறை கட்டையை ஊதிவிட்டு உருட்டி, மூன்று விழுந்ததும் 'ஊதியதால்தான் குறைந்தது' என்றால் சிரிப்போம் அல்லவா? அதே வேளையில், சாவே இல்லாதிருந்த அந்த ஐந்து இடங்களிலும் எண்ணிக்கை ஏறும். அங்கே படமெடுக்க யாரும் போவதில்லை.

தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் துண்டு ஒன்றில் மூன்று ஆண்டுகளில் மரணமோ கொடுங்காயமோ ஏற்பட்ட 5 விபத்துகள் நடந்திருந்தால், அல்லது 10 பேர் இறந்திருந்தால், அதை 'கரும்புள்ளி' என்கிறது ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வரையறை. ஓராண்டைப் பார்ப்பதைவிட மூன்றாண்டு மேல்தான். ஆனாலும் எண்ணிக்கை உச்சத்தில் இருக்கும் இடத்தைப் பொறுக்கியெடுத்து, பிறகு அது இறங்குவதைப் பார்த்து மகிழும் கோளாறு இதிலும் தீரவில்லை.

எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்காதே என்பீர்கள். உண்மை. கிரீன்வுட், யூல் என்ற புள்ளியியலாளர்கள் இருவரும் 1920இலேயே தொழிற்சாலை விபத்துகளில் இதைப் பார்த்தார்கள். பாய்சான் சொல்வதைவிட எண்ணிக்கைகள் அதிகமாகச் சிதறிக் கிடந்தன. இடத்துக்கு இடம் ஆபத்து மாறுவதையும் கணக்கில் கொள்ளும் எதிர்மறை ஈருறுப்புப் பரவல் விபத்துக் கணக்குக்கு வந்த வழி அதுதான். டொரன்டோ பல்கலைக்கழகத்தின் எஸ்ரா ஹவர் சாலைப் பொறியாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்த வழியும் இதன்மேல் எழுந்ததே. ஓரிடத்தின் சொந்த எண்ணிக்கையை மட்டும் நம்பாதே, அதே அகலமும் அதே போக்குவரத்தும் கொண்ட மற்ற சாலைகளில் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதையும் எடைபோட்டுச் சேர். அந்தக் கலவையோடு ஒப்பிட்டுப் பார்த்து, அதற்கும் கீழே இறங்கியிருந்தால் தடுப்பைப் பாராட்டு.

இதை டெல்டாவுக்கு அப்படியே தூக்கிவந்து போடவும் முடியாது. நம் பக்கத்துச் சாலைகள் ஆறு போன வழியே போகின்றன. வெண்ணாற்றங்கரையிலும் குடமுருட்டிக் கரையிலும் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும்: ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் மரம், மதகு வரும் இடத்தில் சாலை சட்டென்று குறுகும். தை, மாசியில் சம்பா அறுவடை வந்துவிட்டால் பாதிச் சாலையில் நெல் காயும், சுற்றிலும் கல் அடுக்கியிருப்பார்கள். கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஏற்றிப் போகும் டிராக்டர் டிரெய்லரின் பின்னால் சிவப்பு விளக்கும் இருக்காது, ஒளிரும் பட்டையும் இருக்காது. அறுவடை இயந்திரம் ஒன்றே முழுச் சாலையையும் அடைத்துக்கொண்டு இரவில் ஊர் மாறும். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் கூட்டம் தனி. மாசியில் வைத்த தடுப்பின் பலனைச் சித்திரையிலும் வைகாசியிலும் அளந்தால் குறையாமல் என்ன செய்யும்? நெல்தான் வீட்டுக்குப் போய்விட்டதே!

சாவை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது இன்னொரு கோளாறு. சராசரி 3 என்றால் தற்செயல் ஏற்ற இறக்கமே சுமார் 1.7, அதாவது பாதிக்கு மேல். அதுவே 100 என்றால் ஏற்ற இறக்கம் 10தான், அதாவது பத்தில் ஒரு பங்கு. ஆகவே காயங்களையும் சேர்த்து எண்ணினால் உண்மை சீக்கிரம் தெரியும். நம்மிடம் அந்தக் கணக்குதான் ஓட்டையாக இருக்கிறது. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர், காயமடைந்தவர்கள் 4,43,366 பேர். ஒரு சாவுக்கு மூன்று காயம்கூட இல்லை. கிரேட் பிரிட்டனில் அதே ஆண்டு இறந்தவர்கள் 1,711 பேர், சாவும் காயமும் சேர்த்து 1,35,480. அதாவது ஒரு சாவுக்கு ஏறத்தாழ 78 காயம். தலைக்கவசம் இல்லாத நம் இருசக்கர வாகனங்களுக்கும் இந்த வித்தியாசத்தில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பங்கு, காவல் நிலையம் வரை போகாத காயங்களுடையது என்பதே என் எண்ணம். தேநீர்க் கடையிலேயே இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்கிறார்கள். கால் முறிந்தவர் புத்தூர் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்துவிடுகிறார். அவர் எந்த ஏட்டிலும் இல்லை.

தரவு எங்கேயும் இல்லை என்று சாக்குச் சொல்லவும் இனி இடமில்லை. விபத்து நடந்த இடத்தைக் காவலர் கைப்பேசியிலேயே பதியும் செயலியைச் சென்னை ஐஐடி உருவாக்கித் தந்திருக்கிறது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது, அதன் மருத்துவமனைப் பதிவுகள் இருக்கின்றன. இரண்டையும் பெயர் நீக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பாதி ஓட்டை அடைபடும்.

மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுக்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். தடுப்பு வைத்த இடங்களோடு வைக்காத இடங்களின் எண்ணிக்கையையும் வெளியிடுங்கள். ஆண்டுத் தொகையாக வேண்டாம், மாதவாரியாகக் கொடுங்கள். எந்த நாளில் என்ன வேலை நடந்தது என்ற தேதியையும் சேர்த்துக் கொடுங்கள். கணக்குப் போட ஆள் இல்லை என்றால் எங்கள் முதுநிலை மாணவர்கள் இருக்கிறார்கள், காசு வேண்டாம்.