ஐந்து மணிக்காரருக்கு ஒரு கோழித்தொடை

மலேசியாவில் பாகான் செராய் பக்கம், ஒரு செம்பனைத் தோட்டத்து முகப்பில் பிலோமினாவின் ஒட்டுக்கடை. 2025 ஆகஸ்டு 20, புதன்கிழமை, காலை ஏழரை. பெரட்டு (காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பது) முடிந்து எல்லாரும் தோட்ட வேலைக்குப் போய்விட்டார்கள். ஓய்வுபெற்ற தண்டல் (தோட்ட மேற்பார்வையாளர்) சூசை, கைலியும் கைப்பேசியுமாக வருகிறார். தினமும் வாட்சப்பில் வரும் கத்தோலிக்கத் திருப்பலியின் விவிலிய வாசகத்தைப் படித்துவிட்டு, அது ஊரில் யாருக்குப் பொருந்தும் என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய ஓய்வுக்கால உத்தியோகம். தனக்குப் பொருந்துகிறதா என்று பார்த்ததாக இதுவரை தகவல் இல்லை.

பிலோமினா: வாங்க அண்ணே. பசியாறியாச்சா?

சூசை: இன்னும் இல்லை. ஒரு தே தாரிக், இரண்டு ரொட்டி சானாய் போடு. பிலோமி, இன்றைய நற்செய்தி எனக்காகவே எழுதியது.

பிலோமினா: அதிசயமாக இருக்கிறதே! வழக்கமாக உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்காகத்தானே எழுதியிருப்பார்கள்?

சூசை: மத்தேயு 20. திராட்சைத் தோட்டம். விடியற்காலையில் வந்தவனுக்கும் ஒரு தெனாரியம், சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரு தெனாரியம். முழு ஒருநாள் கூலி! இப்போது சொல். சனிக்கிழமை கோவிலில் எல்லாரும் கூடித் துப்புரவு செய்த கோத்தோங் ரோயோங்கில் நான் கோழித்தொடை எடுத்தது தப்பா?

பிலோமினா: (மாவை வீசிக்கொண்டே) எட்டு மணியிலிருந்து நாங்கள் பதினான்கு பேர் லாலாங் புல் வெட்டினோம். நீங்கள் பதினொன்றே முக்காலுக்கு வந்தீர்கள். பொட்டலம் பிரிக்கிற நேரம்.

சூசை: அதனால்தான் சொல்கிறேன், நான் ஐந்து மணிக்காரன். விடியற்காலையில் வந்து முணுமுணுத்த ஆட்களிடம் நிலக்கிழார் என்ன கேட்டார்? ‘நான் நல்லவனாய் இருப்பதால் உமக்குப் பொறாமையா’ என்று கேட்டார்.

பிலோமினா: நிலக்கிழார் கேட்கலாம். தொடையைத் தின்றவர் கேட்கக்கூடாது.

சூசை: வேதத்தில் அப்படியெல்லாம் பிரிவினை இல்லை.

பிலோமினா: சரி, அந்த ஐந்து மணிக்காரர்கள் அதுவரை ஏன் சும்மா நின்றார்கள்?

சூசை: (கைப்பேசியைப் பார்த்து) யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லையாம்.

பிலோமினா: உங்களுக்கு நான் எத்தனை தடவை போன் அடித்தேன்?

சூசை: மூன்று.

பிலோமினா: நான்கு. நான்காவது தடவை எடுத்து, ‘கிளம்பிவிட்டேன், வழியில் இருக்கிறேன்’ என்றீர்கள். பக்கத்தில் காற்றாடி ஓடுகிற சத்தம்.

சூசை: அது வழியில் அடித்த காற்று.

பிலோமினா: அவர்கள் பகல் முழுக்கச் சந்தைவெளியில் காத்து நின்றார்கள் அண்ணே. ராத்திரி பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது என்று நின்றவர்கள். தோட்டத்தில் ஆள் குறைத்த சமயம் எங்கள் அப்பாவும் அப்படித்தான். பெரட்டில் நின்று, பேர் கூப்பிடாமல், தூக்குச்சட்டியை அப்படியே திருப்பிக்கொண்டு வருவார். இந்த வாசகம் வந்தால் எனக்கு அந்தத் தூக்குச்சட்டிதான் ஞாபகம் வரும். கோழி ஞாபகம் வராது.

(கொஞ்ச நேரம் ரொட்டிக் கல்லின் சத்தம் மட்டும். சூசைக்கு அதிக நேரம் சும்மா இருக்க வராது.)

சூசை: இருந்தாலும், நம் கோவில் குடும்பங்களின் குழு, அன்பியம், அதற்குத் தலைவர் என்று எனக்கு ஒரு மரியாதை...

பிலோமினா: தலைவரா? இன்றைய முதல் வாசகம் படித்தீர்களா?

சூசை: நான் நேராக நற்செய்திக்குப் போய்விடுவேன். முதல் வாசகத்தில் வாயில் நுழையாத பேராக வரும்.

பிலோமினா: நீதித்தலைவர்கள் 9. மரங்களெல்லாம் கூடித் தங்களுக்கு ஓர் அரசனைத் தேடுகின்றன. ஒலிவ மரத்தைக் கேட்டால், எண்ணெய் கொடுக்கிற வேலையை விட்டு வரமாட்டேன் என்கிறது.

சூசை: நம் செம்பனை மாதிரி! நல்ல மரம்.

பிலோமினா: அத்தி மரம் பழத்தை விட்டு வராது. திராட்சைக்கொடி ரசத்தை விட்டு வராது. சரி, நம் அன்பியத்தில் தலைவராக முதலில் யாரைக் கேட்டோம்?

சூசை: அந்தோணியை. குலை வெட்ட ஆளில்லை என்றான்.

பிலோமினா: அப்புறம்?

சூசை: ரீத்தா டீச்சர். பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்றார். உன்னைக் கேட்டோம், கடை என்றாய். அப்புறம் என்னைக் கேட்டீர்கள். நான் உடனே ஒத்துக்கொண்டேன்!

பிலோமினா: முட்புதரும் உடனே ஒத்துக்கொண்டது. ‘வந்து என் நிழலில் தங்குங்கள்’ என்றது.

சூசை: முட்புதருக்கு ஏது நிழல்?

பிலோமினா: அதைத்தான் சனிக்கிழமை வெயிலில் நாங்களும் கேட்டுக்கொண்டோம்.

சூசை: (தே தாரிக்கைக் கீழே வைத்து) இந்த வாசகத்தை இன்றைக்குப் போட்டது யார்? பாதரிடம் கேட்கிறேன்.

பிலோமினா: ரோமிலும் இன்றைக்கு இதுதான், பினாங்கிலும் இதுதான். சாதாரண வார நாள்களில் நற்செய்தி வருடா வருடம் மாறாது. முதல் வாசகம்தான் ஒற்றைப்படை வருடத்துக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு இன்னொன்று.

சூசை: அப்படியானால் அடுத்த வருடம் நான் தப்பித்தேன்.

பிலோமினா: அடுத்த வருடம் எசேக்கியேல் 34. மந்தையை மேய்க்காமல் கொழுத்த ஆட்டை அடித்துத் தின்ற மேய்ப்பர்கள்.

சூசை: அடுத்த வருட விருந்தில் ஆட்டுக்கறி வேண்டாம். கூட்டக் குறிப்பில் இப்போதே எழுதிவிடலாம். சரி, நான் வருகிறேன். கணக்கை...

பிலோமினா: (கடன் கணக்கு எழுதும் 555 புத்தகத்தை விரித்து) போன வியாழக்கிழமை வாசகம் என்ன?

சூசை: மத்தேயு 18. பத்தாயிரம் தாலந்து கடனை அரசர் அப்படியே தள்ளுபடி செய்தார். அருமையான வாசகம். உனக்குக்கூட விளக்கினேனே.

பிலோமினா: விளக்கிவிட்டு ஆறு வெள்ளி கொடுக்காமல் போனீர்கள். போகிற வழியில் அந்தோணியை நிறுத்தி, மூன்று வெள்ளிக் கடனுக்குக் கழுத்தைப் பிடித்தீர்களாம். நூறு தெனாரியக் கடனுக்கு அந்த வேலைக்காரன் பிடித்தானே, அதே மாதிரி.

சூசை: கழுத்து இல்லை. சட்டைக் காலர்.

(கைலி மடிப்பிலிருந்து ஒரு பத்து வெள்ளி நோட்டு மெதுவாக வெளியே வருகிறது.)

பிலோமினா: இன்றைக்கும் ஆறு. மொத்தம் பன்னிரண்டு. இரண்டு குறைகிறது.

சூசை: எழுதிக்கொள். நாளைக்கு என்ன வாசகம்? முன்கூட்டியே சொல்லிவிடு, தாயே.

பிலோமினா: மத்தேயு 22. திருமண விருந்து. அரசர் வழியில் போகிறவர்களை எல்லாம் சாப்பிடக் கூப்பிடுகிறார்.

சூசை: சாப்பாடா? அது நிச்சயமாக என் வாசகம்.

பிலோமினா: கடைசி வரை படியுங்கள் அண்ணே.

(சூசை கைப்பேசியை விரலால் தள்ளித் தள்ளிப் படிக்கிறார். திருமண உடை இல்லாமல் வந்து உட்கார்ந்தவனைக் கை காலைக் கட்டி வெளியே போடுகிறார்கள். சூசை குனிந்து தன் கைலியைப் பார்க்கிறார்.)

சூசை: பிலோமி, அந்தத் தையற்காரன் எத்தனை மணிக்குக் கடை திறப்பான்?