ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்

“எல்லாம் வாட்ஸ்அப்புல இருக்கு சார், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சிருக்கேன்.” கைமாற்றுக் கொடுத்துவிட்டு அலைபவர்கள் வக்கீலிடம் முதலில் சொல்வது இதைத்தான். பேப்பரில் எழுதி வாங்காதது செல்லாதோ என்ற பயமும் கூடவே இருக்கும். அந்தப் பயம் வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 4-ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது: எழுத்தில் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டம் கேட்டாலும், மின்னணு வடிவில் இருந்து, பின்னால் எடுத்துப் பார்க்கும்படி இருந்தால் போதும்.

விலக்குகள் உண்டு. உயிலைப் பிடிஎஃப்பில் எழுதி மின் கையொப்பம் போட்டால் செல்லாது. அறக்கட்டளைப் பத்திரமும் அப்படியே. புரோநோட்டும் பவர் பத்திரமும் பொதுவாக விலக்கில்தான் இருக்கின்றன. ரிசர்வ் வங்கி, செபி போன்ற அமைப்புகளின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்கு எழுதிக் கொடுப்பவற்றுக்கு மட்டும் 2022-இல் வழி திறந்தார்கள்.

ஆக, சட்டம் கதவைச் சாத்தவில்லை. நாம்தான் சாவியைத் தொலைக்கிறோம்.

வழக்கு என்று வந்தால் இப்போது பார்க்க வேண்டியது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு (பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி, 1.7.2024 முதல் மாறிவிட்டது). பிரின்ட்அவுட், பென்டிரைவ் என நகலாகக் கொடுப்பது எதுவானாலும், அது எந்தக் கருவியிலிருந்து எடுத்தது என்று உறுதி சொல்லும் சான்றிதழ் சேர்த்தே கொடுக்க வேண்டும். “நான் கூண்டில் ஏறிச் சொல்லிவிடுகிறேன்” என்பது அதற்கு ஈடாகாது. அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. அதே தீர்ப்பில் ஒரு சலுகையும் இருக்கிறது: மூலக் கருவியையே அதன் உரிமையாளர் நீதிமன்றத்தில் காட்டி, அது தன்னுடையது என்று சாட்சி சொன்னால் சான்றிதழ் தேவையில்லை. பழைய போனை எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் கொடுப்பதற்கு முன் இதை யோசியுங்கள்.

சான்றிதழின் ஏ பகுதியில் கருவியின் மாடல், சீரியல் எண், ஐஎம்இஐ (போனின் அடையாள எண்) எல்லாம் கேட்பார்கள். கோப்பின் ஹேஷ் மதிப்பும் வேண்டும்; அது கோப்பிலிருந்து கணக்கிட்டு எடுக்கும், கைரேகை போன்ற அடையாளம். எஸ்எச்ஏ256 என்ற முறையில் கணக்கிட்டால் 64 எழுத்துகள். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் மொத்தமும் மாறிவிடும். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். படத்தை வாட்ஸ்அப்பில் படமாகவே வக்கீலுக்கு அனுப்புகிறார்கள். அது சுருங்கிப் போகிறது, ஹேஷ் ஒத்துப்போவதில்லை. ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். கோப்பை நகலெடுக்கும் முன்பே அதன் ஹேஷைக் கணக்கிட்டுக் குறித்து வையுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை வெட்டாதீர்கள், வட்டம் போடாதீர்கள். எண், தேதி, நேரம் தெரிய வேண்டும். முழு உரையாடலையும் மீடியாவோடு எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். உங்களுக்குப் பாதகமான வரிகளும் அதில் இருக்கட்டும், எதிர்த்தரப்பிடம் அவை எப்படியும் இருக்கும். செய்திகளைத் தானாக அழித்துவிடும் டிஸ்அப்பியரிங் மெசேஜ் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

எனக்கு ஒப்பாதது சான்றிதழின் பி பகுதி. அதில் ஒரு நிபுணர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நிபுணர் யார் என்று 63-ஆம் பிரிவு வரையறுக்கவில்லை. முப்பதாயிரம் ரூபாய் வாடகை அட்வான்ஸைத் திரும்பக் கேட்கும் ஒருவர், நான்கு வாட்ஸ்அப் வரிகளுக்காக நிபுணரைத் தேடிக் கட்டணம் கட்ட வேண்டுமா? சின்னத் தொகை வழக்குகளில், எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால் மட்டும் பி பகுதி என்று வைத்தால் போதும்.