ஆட்டுக் கொட்டில் கல்வெட்டு

(திருகோணமலைக்கு அருகே தம்பலகாமம் கிராமம். மதியச் சாப்பாடு முடிந்து, பெரியப்பா கதிரையில் சாய்ந்திருக்கிறார். ரமணன் போனும் கையுமாக வந்து எதிரே கிடந்த வாங்கில் அமர்கிறான்.)

ரமணன்: பெரியப்பா, நம் ஊரின் பழைய கட்டடங்களைப் பற்றி வீடியோ எடுக்கிறேன், ஐந்து நிமிடம் கதையுங்கள்.

பெரியப்பா: ஆதிகோணேசர் கோயில் இருக்கிறதே, போய் எடு.

ரமணன்: அதை எல்லோரும் எடுத்துவிட்டார்கள். 1620களில் போர்த்துக்கேயப் பறங்கி திருகோணமலைக் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினான், அப்போது ஒளித்துக் காப்பாற்றிய விக்கிரகங்கள்தான் இங்கே வந்தன என்று...

பெரியப்பா: எனக்கே சொல்லித் தருகிறாயா? அந்தப் பிரெடரிக் கோட்டை வாசலில் இரட்டை மீன் வெட்டிய கல்லைப் பார்த்திருக்கிறாயா? குளக்கோட்ட மன்னன் செய்த கோயில் திருப்பணியைப் பறங்கி பிரிப்பான் என்று அங்கே வெட்டிக் கிடக்கிறது. களவெடுத்த கல்லில் தன் பெயர் இருப்பது தெரியாமல் வாசலிலேயே வைத்துக் கட்டியிருக்கிறான், விசரன்!

ரமணன்: ஊரார் கட்டியதைப் பிரித்துக்கொண்டு போக எப்படித்தான் மனம் வந்ததோ. சரி, நான் எடுக்க வந்தது நம் பழைய நெல் களஞ்சியத்தை. போய்ப் பார்த்தால் அத்திவாரமும் ஒரு ஆமணக்கும்தான் நிற்கின்றன.

பெரியப்பா: (இருமி) 1964 சூறாவளியில் கூரை போனது.

ரமணன்: கூரை சரி, சுவர்? சூறாவளி செங்கல்லை ஒவ்வொன்றாகக் கழற்றி, சாந்தையும் சுரண்டிவிட்டா கொண்டுபோகும்?

பெரியப்பா: பெரிய காற்றடா அது.

ரமணன்: உங்கள் ஆட்டுக் கொட்டிலுக்கு ஏன் ஒரு முழத் தடிப்பில் சுவர்?

பெரியப்பா: ஆடு குளிர் தாங்காது.

ரமணன்: இந்த வெயிலிலா? நான் இருக்கிற வாங்கில் ஏன் தாழ்ப்பாள் இருக்கிறது?

பெரியப்பா: கதவென்றால் தாழ்ப்பாள் இருக்கும்தானே... (நாக்கைக் கடிக்கிறார்.)

ரமணன்: ஆகா! கொட்டில் வாசலில் நாமும் ஒரு கல்வெட்டு வைப்போம்: "முன்னே ஊரார் மூட்டிய களஞ்சியத்தைப் பின்னே பெரியப்பா பிரிக்கவே."

பெரியப்பா: தாராளமாக வை. அப்படியே உங்கள் வீட்டுக் குசினிக்குள் போய் ஒருக்கால் அண்ணாந்து பார். அந்த முதிரைத் தீராந்திகள் எந்தக் கூரையில் கிடந்தவை? இராத்திரியில் மாட்டு வண்டில் பூட்டியவன் உன் அப்பன். நான் பின்னால் லாந்தர் பிடித்தேன், அவ்வளவுதான்.

(ரமணன் போனை மெதுவாகச் சட்டைப் பைக்குள் வைக்கிறான்.)

ரமணன்: பெரியப்பா, கோயில் நடை எத்தனை மணிக்குத் திறக்கும்?