நேர்காணலில் பேச்சுக்கு 7 சதவீதம்தானா?

"நேர்காணலில் நீங்கள் சொல்வதற்கு 7 சதவீதம்தான் மதிப்பு, குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55." முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி இது. பயிலரங்குகளிலும் கூசாமல் காட்டுகிறார்கள். தவறு.

எண்கள் கற்பனையல்ல. உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் சக ஆய்வாளர்களுடன் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்தவை. ஆனால் அங்கே யாரும் யாரையும் நேர்காணல் செய்யவில்லை. ஒன்றில், தனித்தனிச் சொற்களை வெவ்வேறு தொனியில் ஒலிக்கவிட்டார்கள். மற்றதில் 'மேபி' (ஒருவேளை) என்ற ஒரே ஆங்கிலச் சொல்லும் சில முகங்களின் புகைப்படங்களும். பேசுபவருக்கு எதிரில் இருப்பவரைப் பிடித்திருக்கிறதா என்று பங்கேற்றவர்கள் ஊகிக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டையும் சேர்த்துப் போட்ட கணக்கே 7-38-55. அந்த 55 கூட முகபாவம்தான். உட்காரும் விதமோ கையசைவோ அதில் கிடையாது. விருப்பு வெறுப்பைப் பற்றிய பேச்சுக்கு வெளியே இந்தச் சூத்திரம் பொருந்தாது என்று மெஹ்ராபியனே தெளிவுபடுத்தியிருக்கிறார்.

93 சதவீதம் சொல்லுக்கு வெளியே இருந்தால், தெரியாத மொழியில் ஒருவர் தன் ஆய்வேட்டை விளக்கினாலும் நமக்குப் பெரும்பகுதி புரிந்துவிட வேண்டுமே!

குரலும் முகமும் வீண் என்பதல்ல. முணுமுணுத்தால் நல்ல பதிலும் கெடும். ஆனால் "இந்த முறையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று தேர்வுக் குழு கேட்டால் புன்னகை பதிலாகாது. கண்ணாடி முன் நிற்கும் நேரத்தில் பாதியையாவது, உங்கள் ஆய்வைத் துறைக்கு வெளியே இருப்பவருக்கு இரண்டு நிமிடத்தில் சொல்லிப் பழகச் செலவிடுங்கள். கூட்டு ஆய்வென்றால், அதில் உங்கள் பங்கு எது என்பதையும்.