ஆட வைத்தால் அது ஜாஸ் இல்லையா?

மெடெஸ்கி, மார்ட்டின் அண்ட் வுட் என்ற அமெரிக்கக் குழுவைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "நல்லாத்தான் வாசிக்கிறாங்க, ஆனா அது ஜாஸ் இல்ல, ஜாம் பேண்ட்" என்று ஒதுக்கிவிடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஜாம் பேண்ட் என்றால் மேடையில் பாட்டை நீட்டி நீட்டி வாசிக்கிற ராக் வகைக் குழு. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. ஜாஸ் ஒரு காலத்தில் ஜனங்கள் எழுந்து ஆடிய இசை. பிறகு அது உட்கார்ந்து தலையாட்டிக் கேட்கும் இசையாகிவிட்டது. இவர்கள் அதைத் திரும்ப எழுப்பி நிற்க வைத்தார்கள், அதன் கனத்தைக் குறைக்காமல்.

1991இல் நியூயார்க்கில் சேர்ந்தவர்கள். ஜான் மெடெஸ்கி கீபோர்டு, பில்லி மார்ட்டின் டிரம்ஸ், கிறிஸ் வுட் பேஸ். பாடகர் கிடையாது, கிட்டாரும் கிடையாது. ஆரம்பத்தில் மெடெஸ்கி வாசித்தது பியானோதான். ஜாஸ் கிளப்புகளை மட்டும் நம்பாமல் வண்டியில் ஏறி ஊர் ஊராகச் சுற்றத் தொடங்கினார்கள். ராக் குழுக்கள் வாசிக்கிற இடங்களில் பியானோவுக்கு எங்கே போவது? கூடவே எடுத்துப் போக ஹாமண்ட் என்கிற மின்சார ஆர்கன் வந்தது. அந்தக் குழுவின் குரலே சாலையில்தான் பிறந்தது என்பேன்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஹாமண்ட் ஆர்கனுக்குள் பல் வைத்த சின்னச் சின்ன உலோகச் சக்கரங்கள் காந்தங்களுக்குப் பக்கத்தில் சுழன்றுகொண்டிருக்கும். அந்தச் சுழற்சிதான் ஒலியாகிறது. அது போய்ச் சேரும் லெஸ்லி ஸ்பீக்கர் பெட்டியிலும் ஒலியைச் சுழற்றி வெளியே விடும் ஏற்பாடு உண்டு. வேகத்தை மாற்றினால் போதும், அதே சுரம் நடுங்க ஆரம்பித்துவிடும். ஹாமண்ட் ஆர்கனை ஜாஸில் பிரபலமாக்கிய ஜிம்மி ஸ்மித் காலத்து மூவர் குழுக்களில் ஆர்கன், கிட்டார், டிரம்ஸ் இருக்கும். பேஸையும் ஆர்கன்காரரே இடது கையாலும் காலாலும் பார்த்துக்கொள்வார். இங்கே பேஸை வுட் எடுத்துக்கொண்டார். மெடெஸ்கியின் இடது கைக்கு விடுதலை. ஆர்கனை அவர் கரகரவென்று முறுக்கும்போது, இல்லாத கிட்டாரும் சேர்ந்தே கேட்கிறது.

1993இல் வந்த 'இட்ஸ் எ ஜங்கிள் இன் ஹியர்' ஆல்பத்தில் ஒரு காரியம் செய்திருக்கிறார்கள். ஜாஸ் பியானோக்காரர் தெலோனியஸ் மங்கும் டிரம்ஸ்காரர் டென்சில் பெஸ்ட்டும் எழுதிய 'பெம்ஷா ஸ்விங்', பாப் மார்லியின் 'லைவ்லி அப் யுவர்செல்ஃப்', இரண்டையும் ஒரே உருப்படியாகக் கோத்துவிட்டார்கள். வித்தை காட்டுவதற்காகச் செய்ததாகத் தோன்றவே இல்லை. மங்கின் கோணல்மாணலான மெட்டும் மார்லியின் ரெகே தாளமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருக்கின்றன. அந்த உறவு காதில் விழுந்தவர்களுக்குத்தான் இப்படிக் கோக்க வரும்.

சரி, ஃபிஷ் என்ற பெரிய ஜாம் பேண்டின் ரசிகர்கள் இவர்களைத் தேடி வந்தது உண்மைதான். அதில் என்ன குற்றம்? அதே குழுவைத்தான் ஜிம்மி ஸ்மித்தின் ஆல்பங்களை வெளியிட்ட ப்ளூ நோட் என்ற ஜாஸ் நிறுவனம் சேர்த்துக்கொண்டு, 1998இல் 'கம்பஸ்டிகேஷன்' ஆல்பத்தை வெளியிட்டது. ஜாஸ் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸிடம் கிட்டார் வாசித்த ஜான் ஸ்கோஃபீல்ட் அதே ஆண்டு வந்த தன்னுடைய 'எ கோ கோ' ஆல்பத்துக்கு இந்த மூவரையும்தான் கூப்பிட்டார்.

மனோதர்மம் என்பதை இவர்கள் எவ்வளவு தூரம் நம்பினார்கள் என்பதற்கு 2008, 2009இல் வந்த 'ரேடியோலேரியன்ஸ்' வரிசையைப் பார்க்கலாம். வழக்கமாகக் குழுக்கள் ஆல்பம் போட்டுவிட்டு ஊர் சுற்றும். இவர்கள் புது உருப்படிகளை முதலில் மேடையில் வாசித்து வளர்த்து, அப்புறம்தான் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது.

இன்னும் சந்தேகம் இருப்பவர்கள் 'டானிக்' கேளுங்கள். நியூயார்க்கில் அதே பெயருள்ள சின்ன கிளப்பில் பதிவாகி 2000இல் வந்தது. ஆர்கன் இல்லை, பியானோ, நின்று வாசிக்கும் பெரிய பேஸ், டிரம்ஸ்தான் பிரதானம். ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் புகழாக்கிய 'ஹே ஜோ'வும் அதில் உண்டு. முதல் தடவை கேட்கும்போது பியானோவின் பின்னால் ஓட வேண்டாம். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வுட்டின் பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். இரண்டாம் தடவை மார்ட்டின் அந்த பேஸுக்கு எங்கே பதில் சொல்கிறார், எங்கே சும்மா இருக்கிறார் என்று பாருங்கள். அவர் சும்மா இருக்கும் இடங்களுக்காகவே நான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.